வைரக்கண்ணுவின் முழுக்கைச் சட்டை

எழுபத்திரண்டாம் வருஷம் தை மாதம் வைரக்கண்ணு பதினோரு நாள் சப்-ஜெயிலில் இருந்தபோது, அவருடைய சட்டை தினமும் காலையில் வயலுக்குப் போய் வேலை பார்த்துவிட்டுப் பொழுது சாய வீடு திரும்பியது. நீலக்கோடு போட்ட பாப்ளின் சட்டை, முழுக்கை, ஆறு பட்டன். அந்தப் பதினோரு நாளும் குறிச்சிமேட்டில் வெயில் மிதமாக இருந்தது, வாய்க்காலில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது, தாளடிப் பயிர் முற்றித் தலை சாய்த்துக்கொண்டிருந்தது. சட்டை வரப்பு வெட்டியது, மடையைத் திறந்து மூடியது, கதிருக்கு வந்த குருவிகளை விரட்டியது. ஊரில் இதை நம்பாதவர்கள் யாரும் இல்லை, ஏனென்றால் பார்க்காதவர்கள் யாரும் இல்லை. சட்டையின் கோடு வெளிர்நீலமா கருநீலமா என்பதில் மட்டும் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. டீக்கடையில் அந்தப் பேச்சை எடுத்தால் இரண்டு கிளாசாவது உடையும்.

சட்டையைத் தைத்தவர் ஜெக்கரியா. திருப்பனந்தாளுக்குக் கிழக்கே நாலு மைலில், மண்ணியாற்றுப் பாலத்தை ஒட்டிய குறிச்சிமேட்டுக் கடைத்தெருவில் அவருடைய தையல்கடை இருந்தது. மெலிந்த மனிதர். காதில் பென்சில், கழுத்தில் இஞ்ச் டேப். நிக்காஹ் அன்றைக்கும் மாலைக்குள்ளே டேப் கிடந்தது என்று அவர் மனைவி சைத்தூன் பீவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அறுபத்தேழு தேர்தலுக்குக் கறுப்பு சிவப்பையும் செங்கொடியையும் மூவர்ணத்தையும் ஒரே மிஷினில் ஒரே வாரத்தில் தைத்துக் கொடுத்தவர். ஆனால் கொடி தைப்பதில் அவருக்கு மனசு ஒட்டவில்லை, கொடிக்குத் தோள் கிடையாதே என்பார். கும்பகோணத்துக் கடைகளில் ரெடிமேட் சட்டை வந்து தொங்க ஆரம்பித்த காலம் அது. பிள்ளைகள் அதைச் சொன்னால் ஜெக்கரியா கோபப்பட மாட்டார். “ரெடிமேட்டு கெட்டதுன்னு யாரு சொன்னா? மழைக்கு ஒதுங்கச் சத்திரம் நல்லதுதான். அங்கேயே குடித்தனம் பண்ண முடியுமா?” என்று கேட்டுவிட்டு மிஷினை மிதிப்பார்.

அவருக்கு முன்னால் அந்தக் கடையில் இருந்த தையல்காரர் கீழத்தெரு ஜனங்களுக்குக் கண்ணளவில் தைத்தவர். கீழத்தெரு என்றால் வயல்வேலை செய்பவர்களின் தெரு. அவர்கள் கடைக்குக் கீழே ரோட்டில் நிற்பார்கள், தையல்காரர் மிஷினில் உட்கார்ந்தபடியே ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பார், அதுதான் அளவு. தொட்டு அளவெடுப்பது மேலத்தெருவுக்கு மட்டும். அதனால் கீழத்தெருச் சட்டைகள் இரண்டு ஆள் புகுந்துகொள்ளும் தொளதொளப்பில் இருந்தன. ஒரு வருஷம் ஆடிக்காற்றில் மூன்று பேர் சட்டையோடு கிளம்பி ஆற்றுக்கு அக்கரையில் போய் இறங்கினார்கள். அடி ஒன்றும் இல்லை, அரை நாள் கூலி போயிற்று. ஜெக்கரியா கடையை எடுத்த முதல் நாளே, “கண்ணுக்கு இஞ்ச் தெரியாது, மேல ஏறி வாங்க” என்று கீழத்தெருக்காரர் தோளில் டேப்பைப் போட்டார். மேலத்தெரு முகம் சுளித்தது. ஆனால் அவர் மாதிரி காலர் வெட்ட அந்த வட்டாரத்தில் இன்னொரு ஆள் இல்லை. சுளித்த முகத்தோடேயே துணியைக் கொடுத்தனுப்பியது.

வைரக்கண்ணு அவரிடம் முதல் தடவை வந்தது எழுபத்தொன்று ஆவணியில். பெரிய மிராசின் நிலத்தில் அஞ்சு மாவை, அதாவது ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே, அவர் ஒன்பது வருஷமாகக் குத்தகைக்குச் செய்துவந்தார். எழுத்து எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். உழுதது, நட்டது, அறுத்தது எல்லாம் அவரும் அவர் மனைவி அம்சவல்லியும். சர்க்கார் புதுச் சட்டம் போட்டிருந்தது: குத்தகைக்குச் செய்கிறவன் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், ஏற்றிவிட்டால் நினைத்த மாத்திரத்தில் நிலத்தை விட்டு இறக்க முடியாது. பெயர் ஏறாவிட்டால், ‘அது என் சொந்தச் சாகுபடி’ என்று மிராசு ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒன்பது வருஷமும் வாய்க்காலோடு போய்விடும். தனித் தாசில்தாரிடம் நேரில் போய் மனுக் கொடு, போகும்போது சட்டை போட்டுக்கொண்டு போ என்று விவசாயிகள் சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். “முழுக்கையா தைங்க பாய். கையெழுத்துப் போடுற கை பாருங்க” என்றார் வைரக்கண்ணு. அந்த ஒரு கையெழுத்தை அவர் நாலு மாசமாகப் பழகியிருந்தார்.

தப்பு நடந்தது அங்கேதான். அளவெடுக்க ஒரு ஆள் எதிரே வந்து நின்றதும் வைரக்கண்ணு தன்னை அறியாமல் கையைக் கட்டிக்கொண்டார், தோளைச் சுருக்கினார், முதுகைக் கொஞ்சம் வளைத்தார். பெரிய மனிதர் முன்னால் அப்படி நிற்பதுதான் மரியாதை என்று மூன்று தலைமுறை சொல்லி வைத்திருந்தது. நிமிர்ந்து நில் என்று சொல்வது அதிகாரம் மாதிரி இருக்குமே என்று ஜெக்கரியாவும் கூச்சப்பட்டார். நின்றது நின்றபடி அளந்து, நோட்டில் எழுதி, எழுதியதில் ஒரு நூல் பிசகாமல் தைத்துக் கொடுத்தார். அவ்வளவு கச்சிதமாகத் தைத்ததுதான் வினை. சட்டையைப் போட்டதும் வைரக்கண்ணுவின் கை தானாகப் போய்க் கட்டிக்கொண்டது, முதுகு வளைந்தது, பார்வை தரைக்கு இறங்கியது. புரட்டாசியில் தாலுகா ஆபீசுக்குப் போய்க் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றார். கை பிரியவில்லை, வாய் திறக்கவில்லை. மனு இடுப்பிலேயே இருந்தது.

மறுநாள் அம்சவல்லி கடைக்கு வந்து சட்டையை மிஷின் மேல் போட்டார்.

“பாய், நீங்க தைச்சது சட்டையா, மாட்டுக் கயிறா? இத மாட்டுனா எங்க வீட்டுக்காரரு வாயத் தொறக்க மாட்டேங்குறாரு. மனுவ இடுப்புல முடிஞ்சது முடிஞ்சபடி திரும்பக் கொண்டாந்துட்டாரு. அஞ்சு மாவும் போயிடும் போலருக்கு பாய்.”

ஜெக்கரியா அளவு நோட்டைப் புரட்டினார். முன்பக்க நீளம் இருபத்தாறு, பின்பக்கம் இருபத்தெட்டரை. அவருக்குக் காது சிவந்துவிட்டது. “தப்பு என்னோடதும்மா. நான் ஆளை அளக்கல. அவரு கும்பிட்டு நின்னத அளந்துட்டேன்” என்றார். துணியும் தையலும் தன் பொறுப்பு என்று சொல்லி, பழைய சட்டையை ஆணியில் மாட்டினார். அது ஆணியிலும் கையைக் கட்டிக்கொண்டேதான் தொங்கியது, மிராசின் கார் பாலத்தில் ஏறும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் குனிந்தது. ஒரு வாரம் கழித்து மிராசின் காரியக்காரர் கண்ணுசாமி ஏதோ வேலையாக வந்தவர், அதைப் பார்த்து ஆசைப்பட்டுப் போட்டுப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. ஒருவருக்குத் தைத்த சட்டை இன்னொருவருக்குப் பொருந்தியது ஜெக்கரியாவின் முப்பது வருஷத் தொழிலில் அந்த ஒரு தடவைதான். கண்ணுசாமி அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டாம் அளவுக்கு வைரக்கண்ணுவை வரச்சொன்னார்கள். நிமிரு என்றால் நிமிர்ந்தார், டேப் மேலே பட்டதும் பழையபடி குனிந்தார். மூன்று நாள் இப்படியே போயிற்று. உடம்பு பழகிய பழக்கம் வாய்ச்சொல்லுக்கு எங்கே கேட்கும்? உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த சைத்தூன் பீவிதான், “ஏங்க, தலையில கதிர்க்கட்டு இருக்கறப்ப எவனாவது குனிஞ்சு பாத்திருக்கீங்களா?” என்று கேட்டார். குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. ஜெக்கரியா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போனார். கட்டு தலையில் ஏறிவிட்டால் களம் வரும்வரை யாரும் நிற்க முடியாது. ஆகவே வைரக்கண்ணு கட்டோடு விறுவிறுவென்று நடக்க, ஜெக்கரியா டேப்போடு வரப்பில் கூடவே ஓடினார். முதல் நடையில் கழுத்து, இரண்டாம் நடையில் தோள், மூன்றாம் நடையில் மார்பு. நாலாம் நடையில் வரப்பு வழுக்கிச் சேற்றில் விழுந்தார், டேப்பை மட்டும் விடவில்லை. அறுப்புக்காரப் பெண்கள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். கழுத்து பதினாலேகால், தோள் பதினெட்டு, முன்பக்கமும் பின்பக்கமும் இருபத்தொன்பது. எழுதிக்கொண்டபோது ஜெக்கரியாவுக்குக் கண் கலங்கியது. இந்த மனிதர் இவ்வளவு உயரம் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

புதுச் சட்டை ஐப்பசியில் தயாரானது. அதைப் போட்டுக்கொண்டு வைரக்கண்ணு தாலுகா ஆபீசுக்குப் போய், பெயர் என்ன என்று தனித் தாசில்தார் கேட்டதும் சொன்னார். சொன்ன சத்தத்தில் சுவரிலிருந்த பல்லி மேஜையில் விழுந்தது. தாசில்தார் பல்லியை ஓரமாக ஒதுக்கிவிட்டு மனுவை வாங்கிக்கொண்டார். தை பத்தொன்பதாம் தேதி வயலிலேயே வந்து விசாரிப்பதாகவும், அன்றைக்கு அந்த அஞ்சு மாவில் யார் சாகுபடியில் இருக்கிறாரோ அவர் பெயர்தான் ஏறும் என்றும் எழுதிக் கொடுத்தார். மிராசுக்கும் ஒரு நகல் போயிற்று.

தை எட்டாம் தேதி மத்தியானம், பண்ணையின் வைக்கோல் போருக்குத் தீ வைத்துவிட்டார் என்று வைரக்கண்ணு மேல் வழக்குப் பதிந்து பிடித்துப் போனார்கள். எரிந்து சாம்பலானதாகச் சொல்லப்பட்ட அந்தப் போர் ஊர் நடுவில் பத்தடி உயரத்தில் அப்படியே நின்றது. அன்று சாயங்காலமும் அதிலிருந்துதான் பண்ணை மாடுகளுக்குப் பிடுங்கிப் போட்டார்கள். பிடித்தபோது வைரக்கண்ணு இடுப்பு வேட்டியோடு இருந்தார். சட்டை துவைத்துக் கொடியில் கிடந்தது. மறுநாள் பொழுது விடிந்து அம்சவல்லி பார்க்கும்போது, சட்டை கொடியை விட்டு இறங்கி, கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு, மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டது. தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், உள்ளே ஆள் இருந்தால் எவ்வளவு அகலம் இருக்குமோ அவ்வளவு அகலத்தில், வயலைப் பார்த்து நடந்தது.

முதல் நாள் அம்சவல்லிக்கு வெட்கமாக இருந்தது. பத்தடி பின்னால் நடந்தபடி, புருஷனை வைவது மாதிரியே அதை வைதார்: மெல்லப் போ, முள்ளு கெடக்கு, அந்தப் பக்கம் வழுக்கும். இரண்டாம் நாள், வேட்டி இல்லாமல் சட்டை மட்டும் தெருவில் போனால் நன்றாக இருக்காது என்று ஒரு வேட்டியைச் சுற்றி விட்டுப் பார்த்தார். நிற்கவில்லை, நழுவி விழுந்தது. வேட்டி நாலு முழம், யாருக்கும் பொது, அதற்கு இவரைத் தெரியாது. அப்புறம் அவரும் விட்டுவிட்டார், ஊரும் பழகிக்கொண்டது. ஐந்தாம் நாள் ஜெக்கரியா வயலுக்குப் போய், மடை ஓரத்தில் சட்டையை நிறுத்தி அக்குளில் பிரிந்திருந்த தையலைப் போட்டுக் கொடுத்தார். வேர்வை நாற்றம் அடித்தது. அது வைரக்கண்ணுவின் வேர்வைதான் என்று அம்சவல்லி சொன்னார், அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

கண்ணுசாமி கடைக்கு வந்தது ஏழாம் நாள். முதுகு வளைந்து கை கட்டியபடியே படியேறினார்.

“பாய், மிராசு கேட்டு வரச் சொன்னாரு. அந்தச் சட்டை பண்ணைக்குத் தைச்சதுன்னு விசாரணையில ஒரு வார்த்தை சொல்லிடுங்க. சட்டை பண்ணையோடதுன்னா அது பாத்த வேலையும் பண்ணையோடதுதானே?”

“அளவு நோட்டுல பேரு இருக்குங்களே” என்றார் ஜெக்கரியா.

“பேர அடிச்சிட்டு எழுதறது.”

“பேர அடிச்சிடலாங்க. கழுத்து பதினாலேகால என்ன செய்ய? மிராசு கழுத்து பதினாறரை.”

கண்ணுசாமி தரையைப் பார்த்தபடியே படியிறங்கத் திரும்பினார். மேலத்தெருவிலிருந்து இனிமேல் ஒரு கைக்குட்டைகூட இந்தக் கடைக்கு வராது என்று மிராசு சொல்லச் சொன்னதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஜெக்கரியாவுக்குப் பயம் இல்லாமல் இல்லை. அஞ்சு பிள்ளைகள், மூத்தவள் நஃபீசாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள், நல்ல துணியெல்லாம் மேலத்தெருத் துணி. அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. சைத்தூன் பீவி தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, “பொய் அளவு சொல்லிட்டு நாளைக்கு எவன் தோள்ல டேப்ப போடுவீங்க?” என்று கேட்டார்.  ஜெக்கரியா மீன்துண்டை மட்டும் எடுத்துத் தின்றார்.

மிராசு சும்மா இருக்கவில்லை. பட்டணத்திலிருந்து முப்பது ரெடிமேட் சட்டை வரவழைத்தார். எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே அளவு. பண்ணையாட்களுக்குக் கொடுத்து, விசாரணை நாளன்று எல்லோரும் அதைப் போட்டுக்கொண்டு, அஞ்சு மாவும் பண்ணைச் சொந்தச் சாகுபடி என்று சாட்சி சொல்ல வேண்டும் என்றார். யார்மேலும் குற்றம் இல்லை, புதுச் சட்டை, இனாம், யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் போட்ட நிமிஷத்திலிருந்து அவர்களுக்கு ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் போயிற்று. குளத்தடியில் காத்தாயி தன் புருஷன் தங்கையன் என்று நினைத்து மூன்று பேருக்கு முதுகு தேய்த்துவிட்டார், தேய்த்துக்கொண்டவர்களும் தாங்கள் தங்கையன்தான் என்றே நினைத்திருந்தார்கள். யார் பெயரைக் கூப்பிட்டாலும் முப்பது பேரும் திரும்பினார்கள். எவனுக்கோ தைத்ததை மாட்டிக்கொண்டால் எவனோ ஆகிவிடுவதில் அதிசயம் என்ன இருக்கிறது என்று மட்டும் ஜெக்கரியா சொன்னார்.

தை பத்தொன்பதாம் தேதி பதினோரு மணிக்குத் தனித் தாசில்தார் ஜீப்பில் வந்தார். சின்ன உருவம், மூக்குக் கண்ணாடி, விதி விட்டு விலகாத மனிதர். வரப்பில் நாற்காலி போட்டார்கள். ஒரு பக்கம் மிராசும், சொந்தச் சாகுபடிக்கு அத்தாட்சியாகப் பிடித்து வந்த பண்ணை உழவுமாடு ஒரு ஜோடியும், வெள்ளைச் சட்டை முப்பது பேரும். இன்னொரு பக்கம் ஜெக்கரியாவும் காத்தாயியும் இன்னும் நாலு பேரும். அம்சவல்லி டவுனில் இருந்தார், சங்கத்து வக்கீல் அன்று ஜாமீன் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். வயல் நடுவே நீலக்கோட்டுச் சட்டை தன்பாட்டுக்குக் குருவி விரட்டிக்கொண்டிருந்தது.

தாசில்தார் வெள்ளைச் சட்டைக்காரர்களிடம் ஒவ்வொருவராகப் பெயர் கேட்டார். முப்பது பேரும் தங்கையன் என்றார்கள். தங்கையனும் அப்படித்தான் சொன்னார், ஆனால் கொஞ்சம் சந்தேகமாகச் சொன்னார். உங்கள் புருஷன் யாரம்மா என்று காத்தாயியைக் கேட்டதற்கு, “சட்டையக் கழட்டச் சொல்லுங்கய்யா, சொல்றேன்” என்றார். தாசில்தார் அதை எழுதிக்கொண்டார். பிறகு வயலைக் காட்டி, அது யாருடைய சட்டை என்றார். ஜெக்கரியா நோட்டைத் திறந்து காட்டி, வைரக்கண்ணுவுக்குத் தைத்தது, கழுத்து, தோள், கை அளவு எல்லாம் இன்னின்னது, நான்தான் வெட்டினேன், நான்தான் காஜா எடுத்தேன் என்று ஒன்று விடாமல் சொன்னார். மிராசு சிரித்தார். “சார், சட்டை சாகுபடி பண்ணுச்சுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? ஆளைக் காட்டச் சொல்லுங்க.” தாசில்தார் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். சட்டை சாகுபடி செய்யக்கூடாது என்று எங்கும் இல்லை, செய்யலாம் என்றும் இல்லை. மூன்று மணிக்குள் ஆள் வரவேண்டும், வந்து இந்தச் சட்டையைப் போட்டால் சரியாக இருக்கவேண்டும், இருந்தால் வேலை அவருடையது, இல்லாவிட்டால் மனு தள்ளுபடி என்று முடிவு சொன்னார்.

இரண்டே முக்காலுக்கு வைரக்கண்ணு வந்தார். அம்சவல்லி கையைப் பிடித்து வரப்பில் நடத்திக்கொண்டு வந்தார். பதினோரு நாளில் ஆள் பாதியாகியிருந்தார். அது பரவாயில்லை, ஆனால் தோள் இறங்கிக் கூன் விழுந்திருந்தது, நாற்காலியைக் கண்டதும் கை பழையபடி போய்க் கட்டிக்கொண்டது. சட்டை குருவி விரட்டுவதை விட்டுவிட்டு வந்து எதிரே நின்றது. அவரை விட அது நாலு விரற்கடை உயரமாக இருந்தது. கையை நுழைத்து மாட்டிக்கொண்டார். முன்பக்கம் தொங்கியது, முதுகில் இழுத்தது, ஒரு பட்டனும் அதன் காஜாவைச் சேரவில்லை. மிராசு கடிகாரத்தைப் பார்த்தார்.

அம்சவல்லி ஜெக்கரியாவிடம் வந்து மெதுவாகச் சொன்னார். “பாய், கத்தரிக்கோலு வச்சிருக்கீங்கள்ல? முன்னால ரெண்டு இஞ்சு புடிச்சு விட்டுடுங்க. பட்டன் போட்டுடும். ஒங்க காலத் தொட்டுக் கும்புடறேன்.”

கத்தரிக்கோல் ஜெக்கரியாவின் பையில்தான் இருந்தது. இரண்டு இஞ்ச் அவருக்கு இரண்டு நிமிஷ வேலை. அவர் எடுத்தார், துணியைப் பிடித்தார், கை நின்றுவிட்டது. “இப்பப் புடிச்சேன்னா பட்டன் போடும்மா. ஆனா மறுபடி வாய் தொறக்காது. நாளைக்கு மிராசு வந்து எறங்குடான்னா எறங்கிடுவாரு. அந்தக் கும்பிட்டு நிக்கிற சட்டைய ஒரு தடவ தைச்சது போதும்மா, என்னால ஆகாது.” அம்சவல்லி அழுதார். ஜெக்கரியாவும் அழுதார். அல்லாவே, நான் பிடிவாதம் பிடித்து ஒரு குடும்பத்தின் நிலத்தைக் கெடுத்தேனா என்று முனகியபடி கத்தரிக்கோலைப் பையில் போட்டார். மூன்று மணிக்கு நாலு நிமிஷம் இருந்தது.

காலையிலிருந்து பட்டினியாக நின்ற பண்ணை மாடுகளுக்கு எதிரே அஞ்சு மா முற்றிய கதிர் ஆடிக்கொண்டிருந்தது. அவை எத்தனை நேரம்தான் அத்தாட்சியாக நிற்கும்? கயிற்றை இழுத்துக்கொண்டு வயலில் இறங்கிவிட்டன. அந்தப் பழைய சட்டையோடு கயிற்றைப் பிடித்திருந்த கண்ணுசாமிக்குக் கட்டிய கையைப் பிரிக்க முடியவில்லை. மாடு இரண்டும் கதிரை வளைத்து வாய் வைத்து, மிதித்துத் துவைத்துக்கொண்டு நடு வயலுக்குப் போயின. வைரக்கண்ணு அதைப் பார்த்தார்.

“ஏய்! மாட்டப் புடிடா கண்ணுசாமி! எவன் வூட்டுப் பயிருன்னு நெனச்சே? ஒம்போது வருசமா என் ரத்தம்டா அது!” அந்தச் சத்தத்தில் ஆற்றின் அக்கரையில் நெல் காயப் போட்டிருந்தவர்கள் திரும்பினார்கள். கண்ணுசாமி அசையவில்லை. வைரக்கண்ணு திரும்பினார். “ஐயா, ஒங்க மாடுதானே? என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? எறங்கிப் புடிங்க!” மிராசு இறங்கினார். ஏன் இறங்கினோம் என்று அவருக்கே தெரியாது, சரிகைக்கரை வேட்டியோடு முழங்கால் சேற்றில் இறங்கி இரண்டு கயிற்றையும் பிடித்து இழுத்துக்கொண்டு கரையேறினார்.  அப்போது வரப்பில் சட்டை பட்டன் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. கீழேயிருந்து மேலே ஒவ்வொன்றாக, ஆறு. மெலிந்திருந்த மார்பில் கொஞ்சம் தொளதொளப்பு இருந்தது, ஆனால் தோள் தோளில் உட்கார்ந்தது, முன்பக்கமும் பின்பக்கமும் சமமாக விழுந்தன. ஜெக்கரியா சுற்றி வந்து பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று தாசில்தாரிடம் சொன்னார். 

தாசில்தார் பதிவேட்டில் எழுதினார்: சாகுபடிதாரர் வைரக்கண்ணு, தை ஒன்பது முதல் பத்தொன்பது வரை சட்டை மூலம், அதற்கு முன்னும் பின்னும் நேரில். வைரக்கண்ணு மடித்த கையை இறக்கிவிட்டு, கஃப் பட்டனைப் போட்டுக்கொண்டு, பழகியிருந்த அந்த ஒரு கையெழுத்தைப் போட்டார். மிராசு அப்பீல் போனார், அப்பீலிலும் சட்டை செல்லும் என்றே தீர்ப்பானது. வைக்கோல் போர் வழக்கு, போர் நல்ல நிலையில் இருப்பதாகப் போரையே பார்த்துவிட்டு வந்த ஏட்டு சொன்னதால் தள்ளுபடி ஆனது.

சொன்ன சொல் தவறாமல் மேலத்தெரு ஜெக்கரியாவிடம் துணி கொடுப்பதை நிறுத்திவிட்டு ரெடிமேட்டுக்கு மாறியது. இரண்டு வருஷத்தில் தபால்காரர் அங்கே யார் யார் என்று தெரியாமல் எல்லாக் கடிதத்தையும் முதல் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வர ஆரம்பித்தார், அவர்களும் வந்தவரைக்கும் படித்துக்கொண்டார்கள். தங்கையன் வெள்ளைச் சட்டையைக் காத்தாயியிடம் கொடுத்து அடுப்புத் துணியாக்கிவிட்டு, தலையில் கதிர்க்கட்டோடு கடை வாசலில் வந்து நின்றார். அப்புறம் கீழத்தெருவே வந்தது. அறுப்புக் காலத்தில் பாலம்வரை வரிசை நின்றதை வண்டிக்காரர்கள் வைதார்கள். நஃபீசாவின் நிக்காஹ் எழுபத்துமூன்றில் நடந்தது, மாப்பிள்ளையின் சட்டையை ஜெக்கரியாவே தைத்தார், அந்த ஒரு நாள் மட்டும் டேப்பைக் கழற்றிச் சைத்தூன் பீவியிடம் கொடுத்தார். வைரக்கண்ணு தேறினார், மார்பும் அளவுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு சட்டை அவர் இல்லாமல் எங்கும் போனதில்லை, காய்ச்சல் என்று அவர் படுத்துவிட்ட நாட்களைத் தவிர.

அப்படி ஒரு நாள், எழுபத்தாறோ எழுபத்தேழோ, ஜெக்கரியா வரப்பு வழியாகப் போகும்போது எதிரே அம்சவல்லி தூக்குவாளியில் கஞ்சியும் ஊறுகாயும் எடுத்துக்கொண்டு வந்தார். வைரக்கண்ணுவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார் ஜெக்கரியா. காய்ச்சல் விடவில்லை, வீட்டில்தான் படுத்திருக்கிறார் என்றார் அம்சவல்லி.

“அப்ப கஞ்சி எங்கம்மா போவுது?”

“எங்க வயலுக்குத்தான் பாய்.”

“சட்டை கஞ்சி குடிக்குமா?”

“குடிக்காது பாய். அதுக்காக, வேலைக்குப் போனதுக்குக் கஞ்சி கொண்டு போகாம இருக்க முடியுமா?”

அதுவும் நியாயம்தான் என்று ஜெக்கரியாவுக்குப் பட்டது. வரப்பு குறுகலாக இருந்ததால் அவர் வயலில் ஒரு கால் இறங்கி நின்று வழிவிட்டார்.